வாவிக்கரைப் பிள்ளைக்கு ஒரு நாவல்

13, 14 வயதுப் பிள்ளை "வாசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டால், நான் முதலில் எடுத்துக் கொடுப்பது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'. 1947இல் சிங்களத்தில் வந்த நாவல். 'மடோல்த் தீவு' என்று தமிழிலும் உண்டு.

உபாலி தாயில்லாப் பிள்ளை, பெரிய குழப்படிக்காரன். வீட்டு வேலைக்காரப் பையன் ஜின்னாவோடு ஊரை விட்டு ஓடுகிறான். பேய் உலாவுவதாகச் சொல்லப்படும் ஆளில்லாத் தீவில் இருவரும் காடு வெட்டிப் பயிர் வைக்கிறார்கள். கதை நடப்பது இலங்கையின் தெற்கே, கொக்கலைப் பக்கம். ஆனால் கண்டல் மரங்களுக்குள்ளே தோணி போவதை, மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. விக்கிரமசிங்கவும் 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு சிறிது காலம் மட்டக்களப்பில் கடையொன்றில் வேலை பார்த்தவர்தான்.

எனக்கு மிகப் பிடித்தது, உபாலியை யாரும் புத்தி சொல்லித் திருத்துவதில்லை என்பது. மண்ணைக் கொத்தக் கொத்த அவனுக்குப் பொறுப்பு வருகிறது. பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் எத்தனையோ கதைகளின் கடைசிப் பக்கத்தில் உபதேசத்தோடு ஒரு பெரியவர் காத்திருப்பார். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

வாசித்து முடித்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: ஜின்னா நண்பனா, வேலைக்காரனா? அதில் பெரிய வாக்குவாதமே நடக்கும், நடக்கவும் வேண்டும்.

கொஞ்சம் மூத்த பிள்ளைகளுக்கு அடுத்தது செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. நெடுந்தீவுக் கரை, பருவ மீன்பிடிக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடிக்கும் ஆட்கள், காதல். 1978இல் படமாகவும் வந்தது. புத்தகத்தை முதலில் வாசிக்கட்டும்.