எஸ்எஸ்டி: பெட்டியில் ஒரு வேகம், வீட்டில் ஒரு வேகம்

அண்ணன் வீட்டு கம்ப்யூட்டருக்கு விலை குறைவான 1 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். பெட்டியில் நொடிக்கு 2,000 எம்பி என்று இருந்தது. கிறிஸ்டல்டிஸ்க்மார்க்கில் அளந்தேன், கிட்டத்தட்ட அதே எண். சரி, நல்ல சரக்குதான் என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டேன்.

மூணு மாசம் கழித்து போன். "என்னடா, கல்யாண வீடியோவ காப்பி பண்றேன், பழைய ஹார்ட் டிஸ்க்கே தேவலாம் போலிருக்கே?" போய்ப் பார்த்தால் டிரைவ் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. காப்பி 90 எம்பியில் நகர்கிறது.

டிரைவில் கோளாறு எதுவும் இல்லை. அளந்த விதம்தான் தப்பு.

அது கியூஎல்சி வகை. ஒரு செல்லில் 4 பிட். அதற்கு 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும், அதனால் எழுதுவது மெதுவாகத்தான் நடக்கும். இதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் தற்காலிகமாக ஒரே ஒரு பிட் வீதம் வேகமாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இதுதான் எஸ்எல்சி கேஷ். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்த இடம் சுருங்கும். 2018-இல் வந்த இன்டெல் 660பி இதற்குத் தெளிவான உதாரணம். 1 டெராபைட் மாடலில், காலியாக இருக்கும்போது கேஷ் சுமார் 140 ஜிபி, நிரம்பியபின் 12 ஜிபி. ஆனால் விளம்பரத்தில் வருவது 1,800 எம்பி என்ற ஒரே எண்.

நான் ஓட்டிய சோதனை 1 ஜிபி அளவு, அதுவும் காலி டிரைவில். அது கேஷைத் தாண்டவே இல்லை. நிறைய விமர்சனங்களும் இதே தப்பைத்தான் செய்கின்றன.

கியூஎல்சியைத் திட்டுபவர்கள் "சீக்கிரம் செத்துடும்" என்பார்கள். அதுவும் வீட்டுக்குப் பொருந்தாத பயம். 660பி 1 டெராபைட்டுக்கு உத்தரவாதம் 200 டெராபைட் எழுதும் வரை. தினம் 40 ஜிபி எழுதினாலும் 5,000 நாள், அதாவது 13 வருஷத்துக்கு மேல். நம்ம வீட்டில் யார் அவ்வளவு எழுதுகிறார்கள்?

விண்டோஸ் திறப்பது, பிரவுசர் திறப்பது எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும் வேலை. அங்கே விலை கூடிய டிரைவும் ஒற்றை வரிசை 4கே சோதனையில் பெரும்பாலும் 100 எம்பிக்குள்தான். அந்த வேலைக்கு அண்ணனின் டிரைவ் இன்றும் போதும்.

ஆக, என் தீர்ப்பை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: இணையம், கணக்கு வழக்கு, படிப்பு என்றால் கியூஎல்சி வாங்கலாம், கால்வாசி இடத்தைக் காலியாக விடுங்கள். வீடியோ எடிட்டிங், அடிக்கடி பெரிய காப்பி என்றால் கொஞ்சம் காசு சேர்த்து டிஎல்சிக்குப் போங்கள். விமர்சனம் படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள்: முக்கால்வாசி நிரப்பிவிட்டு, 100 ஜிபி ஒரே மூச்சில் எழுதிப் பார்த்தார்களா? இல்லையென்றால் அவர்கள் சோதித்தது கேஷை மட்டும்தான்.

அண்ணனிடம் 200 ஜிபி பழைய சினிமாவை அழிக்கச் சொன்னேன். இப்போது காப்பி ஓடுகிறது. சர்டிபிகேட் கொடுத்தவன் மேல்தான் இன்னும் கொஞ்சம் சந்தேகம் பாக்கி.