கையை மட்டும் வரைந்தால் போதும்

பள்ளிக் கல்வி பற்றிய கூட்டம் எதற்குப் போனாலும் இப்போது ஒரு யோசனை தவறாமல் காதில் விழுகிறது. படிக்க மறுக்கும் பிள்ளைக்குக் காமிக்ஸைக் கொடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல ‘நல்ல’ புத்தகத்துக்கு ஏறி வந்துவிடுவான். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் இந்த ஏணிக் கணக்கு தவறு என்றே நினைக்கிறேன். ஏறி முடித்ததும் உதைத்துத் தள்ளப்போகிற பொருள்தானே என்று எண்ணுகிறவர், எந்தக் காமிக்ஸைக் கொடுப்பது என்று மெனக்கெட மாட்டார். எழுத்து பெரிதாக, கதை எளிதாக, முடிவில் ஒரு நீதி இருந்தால் போதும் என்பார். பள்ளி அலமாரிகளில் உப்புச்சப்பில்லாத தலைவர் வரலாறுகள் வண்ணப் படங்களோடு வந்து குவிவது இப்படித்தான்.

அந்த வரலாறுகளின் மூதாதை எது என்று எல்லோருக்கும் தெரியும். அனந்த் பை 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையைப் படித்து வளர்ந்தவன்தான் நானும். ஓவியர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வில்லை ஒடிக்கும் படத்துக்கு மேலேயே ‘வில்லை ஒடித்தான்’ என்று எழுதிவைக்கும் பழக்கத்தை நம்மிடம் பரப்பியதும் அந்த வரிசைதான். படம் சொன்னதை எழுத்து திருப்பிச் சொன்னால், படிக்கிற பிள்ளைக்கு வேலை ஒன்றும் மிச்சமில்லை. அதற்கும் முன்பே, 1960இல், தினத்தந்தியில் கன்னித்தீவு படக்கதைத் தொடர் தொடங்கிவிட்டது. டீக்கடை பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்களை மறுநாளும் பேப்பர் தேட வைத்தது அது. அங்கே பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்ற தவிப்பு மட்டுமே இருந்தது.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. 1962இல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர் அது. அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஓவியர் ஸ்பெயின்காரரான ஜெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் மறையாது. இதை ஓவியர் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். ஓர் அறை, ஒரு மேசை, அந்தரத்தில் ஒரு கை. அவ்வளவுதான் வரைந்திருக்கிறது. அந்தக் கைக்குப் பின்னால் தோள் எங்கே, தலை எங்கே, ஆள் நிற்கிறானா குனிந்திருக்கிறானா என்பதை முழுக்கப் படிக்கிறவன்தான் வரைந்துகொள்ள வேண்டும். பத்து வயதுப் பையன் அரை நொடியில் வரைந்துவிடுகிறான். இல்லாத உடம்பை மனத்தில் எழுப்பிக்கொள்ளும் இந்த வேலைக்கு வாசிப்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

1984 ஒரு பொன்னான ஆண்டு. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அந்த ஆண்டுதான் வந்தன. பூந்தளிர் என்ற சிறுவர் இதழும் வந்தது. முதல் இரண்டையும் பற்றி ரசிகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். பூந்தளிரையும் அதன் ஆசிரியர் வாண்டுமாமாவையும் பற்றித்தான் கல்விக்காரர்கள் பேசுவதே இல்லை. 1925இல் பிறந்து 2014இல் மறைந்த இந்த மனிதர், பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதியவர். பிள்ளைகளுக்காக இவ்வளவு எழுதியவர்கள் தமிழில் குறைவு. பூந்தளிரில் கபீஷ், வேட்டைக்கார வேம்பு, சுப்பாண்டி ஆகிய படக்கதை நாயகர்கள் அறிவியல் கட்டுரைக்கும் புதிருக்கும் சரிசமமாக உட்கார்ந்திருந்தார்கள். படக்கதையை முடித்துவிட்டுக் கட்டுரைக்குப் ‘போ’ என்று அந்த இதழ் யாரையும் தள்ளவில்லை.   வாண்டுமாமாவுக்கு அன்றே தெரிந்தது நமக்கு இன்னும் பிடிபடவில்லை.

கிராஃபிக் நாவல் என்ற பெயர் பிறகு வந்தது. ஆர்ட் ஸ்பீகல்மனின் மௌஸ் 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றதும் பேராசிரியர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதே மௌஸை 2022இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டக் கல்விக் குழு எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. வெறும் ஏணிக்கு யாரும் இவ்வளவு பயப்பட மாட்டார்கள். தமிழிலும் இந்த வகை நூல்கள் வந்தன. மர்ஜானே சத்ரபியின் ஈரான் நூலை விடியல் பதிப்பகம் கொண்டுவந்தது. பீமாயணத்தைக் காலச்சுவடு பதிப்பகம் கொண்டுவந்தது.

பீமாயணத்தில் அம்பேத்கர் சிறுவனாகத் தண்ணீருக்கு அலைந்த கதையை வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள். பக்கத்தைக் கட்டங்களாக வெட்ட அவர்கள் மறுத்துவிட்டார்கள். ரயில் பாம்பாக நெளிகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வசனக் குமிழ்கள்தான். அன்பான பேச்சு பறவையின் உருவத்தில் வருகிறது. சாதித் திமிரில் பேசுகிறவனின் குமிழுக்கு வால் முளைக்கிறது, அதன் நுனியில் தேள் கொடுக்கு.

ஒரு பள்ளியின் நூலக வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பக்கங்களை விரித்து வைத்தேன். நன்றாகப் படிப்பவர்கள் எழுத்தை மட்டும் கடகடவென்று வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருந்த ஒரு பையன் அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை. வாலின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, “இவரு பேசுனா கொட்டும் சார்” என்றான். வகுப்பு முழுக்க மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பி, யார் யார் பேச்சு கொட்டுகிறது என்று தேட ஆரம்பித்தது. அந்த நாற்பது நிமிடத்தில் அங்கே நன்றாகப் படித்தவன் அவன்தான். அவனுடைய மதிப்பெண் பட்டியலில் இதை எழுத இடமில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. அழகான பெயர்கள், தேவையான முயற்சி. ஆனால் காமிக்ஸை எதில் சேர்ப்பது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் முதல் படியைக் காட்டுவார்கள். பீமாயணம் ‘பற’வில் இருக்க வேண்டிய புத்தகம். அதைப் போல இங்கேயே எழுதி வரையப்பட்ட நூல்கள் வேண்டும்; குமிழுக்குள் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழ் வேண்டும். வேறொரு நாவலைச் சுருக்கிப் படம் போட்டுக் கொடுப்பதற்கு இவ்வளவு பணமும் பாடும் தேவையில்லை.

பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்கள் முதலில் எழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பார்க்கட்டும். அப்புறம் படத்தை மூடிக்கொண்டு எழுத்தைப் படிக்கட்டும். இரண்டில் எது தனியாக நின்றாலும் அந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம். வாங்குகிற புத்தகத்தில் ஒரே பிரதியை வாங்கி, முத்திரை குத்தி, பூட்டி வைக்கவும் வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பிரதியாவது வேண்டும். ஒருவன் விரல் வைத்துக் காட்டும்போது பக்கத்திலிருப்பவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?