பஞ்சாங்கமும் நாவலும்

நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த காலத்தில் எங்கள் கே.ஜி.கண்டிகையில் புஸ்தகக் கடை என்று ஒன்று கிடையாது. நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும் விற்கிற பெட்டிக்கடை உண்டு. அதைத் தாண்டி அச்சில் ஏதாவது வேண்டுமென்றால் திருத்தணிக்குத்தான் போக வேண்டும். அங்கே மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், ஒரு கிழவர் பலகைமேல் துணி விரித்துப் புஸ்தகம் விற்றுக்கொண்டிருந்தார். திருப்புகழ், கந்தர் சஷ்டி கவசம், பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, ஜோசியம், சமையல், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற ஆந்திரப் பக்கத்து ஜனங்களுக்காகத் தெலுங்கில் சில பாட்டுப் புஸ்தகங்கள், அவ்வளவுதான் அவருடைய சரக்கு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேட்டதை உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். “யாருக்குடா, உனக்கா, உங்க அம்மாவுக்கா?” என்பார். அம்மாவுக்கு என்றால், “கண் நல்லாத் தெரியுமா?” என்பார். தெரியாது என்றால் பெரிய எழுத்துப் பதிப்பைத் தேடி எடுப்பார். பாடத் தெரிந்தவர்களுக்கு ஒரு பதிப்பு, படித்துப் பொருள் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு வேறொரு பதிப்பு என்று அவருக்குக் கணக்கு உண்டு.

இன்னொரு பழக்கமும் உண்டு. பங்குனியில் பஞ்சாங்கத்தை ஒரு பைசா குறைக்கமாட்டார். சித்திரை பிறந்து வைகாசி ஆனால் பாதி விலை. ஆடிக்குப் பிறகு அதே பஞ்சாங்கத்தைக் கிழித்து விபூதி மடித்துக் கொடுப்பார். ஆனால் திருப்புகழின் விலை எந்த மாதத்திலும் மாறாது. “தாத்தா, அதைக் குறைக்கிறீங்க, இதை ஏன் குறைக்கமாட்டேங்கிறீங்க?” என்று ஒரு தடவை கேட்டேன். “பஞ்சாங்கத்துக்கு வயசாகும் தம்பி. இதுக்கு எங்கே வயசாகப் போகுது?” என்றார்.

புஸ்தக வியாபாரத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட அபிப்பிராயங்களில் இதைவிடத் தெளிவான ஒன்று எனக்கு நினைவில்லை. சென்ற தீபாவளி சமயத்தில் பட்டணத்துப் புஸ்தகக் கடை ஒன்று என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்த அறிவிப்பைப் பார்த்தபோது கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். அறிவிப்பில் மூன்று பகுதிகள். புதிய வரவுகள், இந்த மாத எழுத்தாளர் பேட்டி, பண்டிகைச் சலுகை. பெரிய கம்பெனி ஒன்றின் கிளை அல்ல அது. ஒரு தனி மனிதர் கடன் வாங்கிப் போட்ட கடை. அதனால்தான் அதைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இந்த மாதிரிக் கடைகள் தமிழுக்கு எவ்வளவு அவசியம் என்று அறிந்தவர்கள்தான் அவற்றின் குறையையும் சொல்ல வேண்டும்.

அவசியம் என்று நான் சொல்வது மரியாதைக்காக அல்ல. ஒரு காலத்தில் தமிழ்ப் பிரசுரகர்த்தர்களில் பெரும்பாலோர் தங்கள் தங்கள் புஸ்தகத்தைத் தாங்களே விற்றார்கள். நாலு புஸ்தகம் வேண்டும் என்றால் வாசகன் தியாகராய நகர், திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை என்று அலைய வேண்டும். வெளியூர்க்காரன் கதி இன்னும் மோசம். தபாலில் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பல பிரசுரங்களின் தமிழ்ப் புஸ்தகங்களை ஒரே கூரையின் கீழ் வைத்த டிஸ்கவரி புக் பேலஸ், பனுவல் போன்ற கடைகள் சென்னையில் தோன்றியபோது அந்த அலைச்சல் குறைந்தது. திருத்தணியிலிருந்து காலை மின்சார ரயிலில் போய் மாலை ரயிலில் ஒரு பை நிறையப் புஸ்தகத்துடன் திரும்ப முடிந்தது என்பதை அனுபவித்தவன் நான்.

இனி அறிவிப்புக்கு வருகிறேன்.

புதிய வரவுகள் என்ற தலைப்பில் நாற்பது புஸ்தகங்களின் அட்டைப்படங்கள் இருந்தன. நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு, பங்குச் சந்தையில் பணம் பண்ணுவது எப்படி, சர்க்கரை நோய்க்குச் சிறுதானியம், எல்லாம் ஒரே அளவில், ஒரே வரிசையில். எழுத்தாளன் பெயர், பக்கம், விலை. கடைக்காரர் இதில் எதைப் படித்தார், எது அவருக்குப் பிடித்தது, எதை யாருக்குச் சிபாரிசு செய்வார் என்று ஒரு வார்த்தை இல்லை. வந்து இறங்கிய மூட்டையை அப்படியே அவிழ்த்துக் காட்டியதுதான் நடந்திருக்கிறது.

விமர்சனம் என்பது பத்திரிகையில் கட்டுரை எழுதுவதிலிருந்து ஆரம்பிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கடையின் அலமாரியில் எதைக் கண்ணுக்கு நேராக வைப்பது, எதைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளுவது, எதை வாங்கவே மறுப்பது என்று ஒருவன் தீர்மானிக்கிறானே, அங்கேயே அது ஆரம்பித்துவிடுகிறது. க.நா. சுப்ரமண்யம் தாம் ரசித்த தமிழ்ப் புஸ்தகங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளுக்குப் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று பெயர் வைத்தார். தலைப்பே ஒரு கேள்வி. நல்ல புஸ்தகக் கடைக்காரன் வாசற்படியில் நின்று கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு முதலில் அவன் படித்திருக்க வேண்டும்.

சி.சு. செல்லப்பாவின் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியவர், பிறகு எழுத்து பிரசுரம் என்று புஸ்தகங்களும் போட்டார். புதுக்கவிதைக்கு வாசகர்களே இல்லாத 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுதியை வெளியிட்டார். போட்டதை விற்க ஆள் இல்லை. தாமே மூட்டை கட்டித் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரி கல்லூரியாகப் போனார். அதை ஒரு தியாகக் கதையாகவே சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்த மூட்டையில் இருந்த ஒவ்வொரு புஸ்தகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று சுமந்தவருக்குத் தெரியும். கல்லூரி வாத்தியார் ஒருவர் “இது என்ன ஐயா, எதுகை மோனை ஒன்றும் காணோமே” என்று கேட்டால் நின்று பதில் சொல்ல அவரால் முடியும். நாற்பது அட்டைப்படம் போட்ட நமது கடைக்காரரால் முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

இரண்டாவது பகுதி, எழுத்தாளர் பேட்டி. இதில் நானே குற்றவாளி. சென்ற வருஷம் ஒரு கடையில் என்னைப் பேட்டி கண்டார்கள். கடையின் பெயர் வேண்டாம். கேள்வி கேட்டவர் நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். அவர் கையில் இருந்த என் நாவலின்மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை மட்டும் பிரிக்கப்படவில்லை. “இந்த நாவலை எழுதத் தூண்டியது எது சார்? இதில் வரும் பெண் உங்களுக்குத் தெரிந்தவரா? இன்றைய இளைஞர்களுக்கு என்ன செய்தி சொல்கிறீர்கள்?” எந்தப் புஸ்தகத்துக்கும் பொருந்துகிற கேள்விகள். நானும் எந்தப் புஸ்தகத்துக்கும் பொருந்துகிற பதில்களைச் சொன்னேன். எங்கள் பக்கத்து நெசவாளர் வாழ்க்கை நொடித்துப்போனதைச் சித்திரித்திருப்பதாகக் கம்பீரமாக அறிவித்தேன். கை தட்டினார்கள். முப்பது பிரதி போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. நீங்கள் சொன்னதை நம்பி வாங்கினேன், தறியும் நூலும் பின்னணியில்தான் இருக்கின்றன, கதை அண்ணன் தம்பி இருவருக்குள்ளே இருக்கிற பொறாமையைப் பற்றியது, அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை என்று கேட்டிருந்தார். திரும்ப எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரி. எழுதியவன் தன் புஸ்தகத்துக்கு நம்பத்தக்க வாசகன் அல்ல. தான் எழுத நினைத்ததைச் சொல்வான். எழுதியிருப்பதைச் சொல்ல வேறொருவன் வேண்டும். மதிப்புரை இருந்த இடத்தில் பேட்டியை உட்கார வைத்ததன் பலன், சாட்சியையே நீதிபதி ஆக்கியதுதான்.

பேட்டியே கூடாது என்று சொல்லவில்லை. கோயமுத்தூரில் விஜயா பதிப்பகம் வேலாயுதம் பல வருஷ காலமாக எழுத்தாளரையும் வாசகரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார். படிக்கிற ஒருவர் படித்தவர்களைக் கூட்டி வைத்து எழுதியவனை நடுவில் நிறுத்தினால் அங்கே நடப்பது சம்பாஷணை. எழுதியவனுக்குக் கொஞ்சம் வேர்க்கும்; அது அவனுக்கு நல்லது. உறை பிரிக்காத புஸ்தகத்தை வைத்துக்கொண்டு நடப்பது விளம்பரம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது.

மூன்றாவது பகுதிக்குத்தான் அறிவிப்பில் பெரிய எழுத்து. தீபாவளி வரையில் எல்லாப் புஸ்தகங்களுக்கும் இருபது சதவிகிதம் தள்ளுபடி. வாங்குகிறவனுக்கு லாபம்தானே, இதில் விமர்சகனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்நூறு ரூபாய்ப் புஸ்தகத்தைப் பிரசுரகர்த்தர் கடைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து இருநூறுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்கு விற்றால் கடைக்காரர் கையில் நிற்பது நூறு. வாடகை, மின்சாரம், பையன் சம்பளத்தை ஒதுக்கி வைத்துவிட்டே கணக்குப் பார்த்தாலும், இரண்டு பிரதி விற்ற லாபத்தில் பெயர் தெரியாத ஒரு புது எழுத்தாளனின் புஸ்தகத்தை, விற்றாலும் விற்கட்டும் விற்காவிட்டாலும் போகட்டும் என்று ஒரு பிரதி வாங்கி வைக்கலாம். இருபது சதவிகிதம் தள்ளுபடி கொடுத்தால் நிற்பது நாற்பது. அதே துணிச்சலுக்கு இப்போது ஐந்து பிரதி விற்க வேண்டும். ஆகவே அவர் துணியமாட்டார். ஏற்கனவே விற்கிற பெயரையே வாங்கி வைப்பார். தள்ளுபடியைக் கொடுப்பது கடைக்காரர் மாதிரி தோன்றுகிறது. உண்மையில் அதைக் கொடுப்பவன் இன்னும் முதல் புஸ்தகம் வெளிவராத ஒரு பையன்.

இதைப் பிரெஞ்சுக்காரர்கள் சட்டமாகவே யோசித்தார்கள். அங்கே 1981இல் கொண்டுவந்த சட்டப்படி புதுப் புஸ்தகத்துக்கு ஐந்து சதவிகிதத்துக்கு மேல் எந்தக் கடையும் குறைக்கக் கூடாது. மளிகையோடு புஸ்தகமும் விற்கிற பெரிய அங்காடி, விலையைக் குறைத்துச் சின்னக் கடையைச் சாகடிக்கக் கூடாது என்பது நோக்கம். இங்கிலாந்தில் 1900 முதல் பிரசுரகர்த்தர்களும் கடைக்காரர்களும் செய்துகொண்டிருந்த இதே மாதிரி ஒப்பந்தம் 1990களில் உடைந்தது. அதற்குப் பின் பல சிறு கடைகள் மூடப்பட்டன. சட்டம் நமக்கு வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. விலை என்பது ரசனையையும் தொடுகிற விஷயம் என்று இலக்கியம் வளர்ந்த தேசங்கள் உணர்ந்திருக்கின்றன என்பதற்காகச் சொன்னேன்.

ஏழை வாசகன் என்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானது. எங்கள் பக்கத்தில் தறி ஓட்டுகிற வீட்டில் முந்நூறு ரூபாய் என்பது விளையாட்டல்ல. 1977இல் ஆரம்பித்த சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாகிவிட்ட பத்து சதவிகிதக் கழிவுக்காக நானும் தைமாதம் வரை காத்திருந்து வாங்கியவன்தான். 2022க்குப் பிறகு மாவட்டந்தோறும் அரசு நடத்துகிற புத்தகத் திருவிழாக்களுக்கும் போகிறவன்தான். ஆனால் மலிவு வேறு, தள்ளுபடி வேறு. சக்தி வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். மர்ரே ராஜம் பழைய இலக்கியங்களைச் சொல் பிரித்து ஒரு ரூபாய் விலையில் போட்டார். அவர்கள் காகிதம், எழுத்து, பிரதி எண்ணிக்கை எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்து, ஜனங்களுக்கு இந்தப் புஸ்தகம் போய்ச் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுத்து மலிவாக்கினார்கள். மலிவுக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் இருபது சதவிகிதம் என்பதில் தீர்ப்பு இல்லை. பாரதிக்கும் பங்குச் சந்தைக்கும் ஒரே கழிவு.

அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. பருவத்தில் விலை குறைகிற பண்டம் எது? அழுகப் போகிற மாம்பழம், வருஷம் முடியப் போகிற பஞ்சாங்கம். நாவலையும் அதே மாதிரி தீபாவளிக்கு ஒரு விலை, பொங்கலுக்கு ஒரு விலை என்று விற்றால், அதுவும் பருவத்தோடு போகிற சரக்கு என்று வாசகன் நினைக்க ஆரம்பிக்கிறான். நாளாவட்டத்தில் எழுதுகிறவனும் அப்படியே நினைத்து அப்படியே எழுதுகிறான். சித்திரைக்கு வந்து வைகாசியில் விபூதி மடிக்கிற நாவல்கள் நம்மிடையே பெருகியதற்குக் கடைக்காரர்மேல் மட்டும் பழி போட முடியாது. என் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தக் கடைக்காரருக்குச் சொல்ல எனக்கு ஒரே யோசனைதான் இருக்கிறது. அடுத்த அறிவிப்பில் நாற்பது அட்டைப்படம் வேண்டாம், நாலு போதும். ஒவ்வொன்றின் கீழும் இதை நான் படித்தேன், இன்னாருக்குப் பிடிக்கும், இன்ன இடத்தில் சலிப்புத் தட்டும் என்று இரண்டு வரி எழுதட்டும். முழு விலைக்கு விற்கட்டும். திருத்தணியில் ரயில் ஏறி வந்து வாங்கிக்கொள்ள நான் தயார். என் நாவல் அந்த நாலில் இல்லாவிட்டாலும் வருவேன்; ஏன் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே.