எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?

கப்பல்துறைப் பகுதியில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியன் நான். கலாசாலையை விட்டு வெளியேறிய பின் பல ஆண்டுகளாக நான் செய்துவந்ததை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 'ஜோர்ஜ் கீற், பொரளை கோதமி விகாரை, 1939–40' என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் கொப்பியில் இறக்கிக்கொள்வார்கள். கீற்றின் கோடு ஏன் அப்படி வளைகிறது என்று நான் கேட்டதேயில்லை.

2007ஆம் ஆண்டின் கலைத்திட்டச் சீர்திருத்தம் தேர்ச்சியை மையமாக்கியது. பிள்ளை தானே தேடி ஆராய்ந்து விளக்க வேண்டும் என்றது. வழிகாட்டி நூல்கள் மாறின. ஆனால் க.பொ.த. சாதாரண தரத்தின் பல்தேர்வு வினாக்களுக்கு இன்றும் ஞாபகசக்திதான் கைகொடுக்கிறது. பரீட்சை கேட்பதையே நாமும் கற்பிக்கிறோம்.

உருவம் வரைவதில் நம்மவரிடையே உள்ள தயக்கத்தைக் காட்டி இப்பாடத்தையே ஒதுக்குவோரும் உளர். பன்பாயிலும் அரபு எழுத்தணியிலும் உருவம் இல்லை. பார்க்கவும் கேட்கவும் ஏராளம் உண்டு.

ஒருநாள் ஒன்பதாம் தர வகுப்பில் பழைய பன்பாயொன்றை விரித்தேன். "சேர், சிவப்புக் கோடு இதில அறுந்திருக்கு. சாயப் பன் முடிஞ்சிருக்கும்" என்றான் ஒரு மாணவன். "எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?" என்றேன். அவன் யோசிப்பதற்குள் பின்வரிசை மாணவியொருத்தி எழுந்தாள். "மற்றத் தலைப்பிலயும் அதே இடத்தில அறுந்திருக்கு சேர். வேணுமெண்டுதான் விட்டிருக்கா." பையன் எழுந்து வந்து இரு தலைப்புகளையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டான். அவள் கெட்டிக்காரி என்பதற்காக அவன் மாறவில்லை. கண்ட ஆதாரத்துக்காக மாறினான்.

அந்தக் கேள்வி என் கண்டுபிடிப்பன்று. நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகத்தில் கல்விப் பொறுப்பிலிருந்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகாயில் ஹவுசனும் வகுத்த முறையின் நடுநாயகம் அது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 2011இல் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பிரிட்ஜஸ் கலைக்கூடத்துக்கு, சீட்டுக் குலுக்கித் தெரிவுசெய்த மாணவரை முதலில் அழைத்துச் சென்றார்கள். போனோர், போகாதோர் என ஏறத்தாழ 11,000 மாணவரை ஒப்பிட்டார்கள். முன்பின் பார்த்திராத ஓர் ஓவியத்தைக் காட்டி எழுதச் சொன்னபோது, போய்வந்தோரே கூர்ந்து கண்டு காரணம் சொன்னார்கள். கிராமப் பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இன்னும் பெரிதாயிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அருகில் ஓவியக்கூடம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாய் இருக்கிறது.

இதை ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் நூல் வெளியீட்டு விழாக்களில் 'அற்புதமான கவிதைகள்' என்கிறோம். எந்த வரியைக் கண்டு சொல்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பகையாகிவிடுகிறது. கேட்டுப் பழகாத வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் நாம். அந்தப் பையன் எழுந்து வந்து எண்ணிப் பார்த்தானே, அதை நம் மேடைகளில் செய்ய எத்தனை பேர் ஆயத்தம்?