கோட்டை விட்டு வந்தவர்

"ஏலே, கோட்டை விட்டு வெளிய வாலே!"

எங்கள் ஊர் ராயகிரியில் சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடும்போது இந்தக் கத்தல் கேட்காமல் இருக்காது. கம்பம், வலை எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் கல், கல்லின் மேல் கழற்றிப் போட்ட சட்டை. கோலியாக நிற்பவன் பெரும்பாலும் கூட்டத்திலேயே சின்னவன். எதிராளி ஒருத்தன் பந்தோடு தனியாக வந்துவிட்டால் அவன் கால் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் அண்ணன்மார் கத்துவார்கள். இரண்டு எட்டு முன்னால் வைத்தால் போதும், அடிக்க வருகிறவன் கண்ணுக்கு அந்த இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள இடம் பாதியாகச் சுருங்கிவிடும். ஆனால் அதே நொடியில் அவன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டால்? 'கோட்டை விட்டான்' என்பதற்குத் தமிழில் உள்ள இரண்டு பொருளும் கோலிக்கு ஒன்றாகப் பொருந்திவிடும்.

அந்த இரண்டு எட்டைத் தொழிலாகவே கொண்ட ஒருவரைப் பல வருஷமாக ரசித்து வருகிறேன். ஹோசே மொலினா. 1970-இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்தவர். நமக்குக் கொல்கத்தா அணிகளின் கோச்சாகத்தான் தெரியும். ஆனால் அவர் கோச்சாகச் செய்ததை ருசிக்க, அவர் கோலியாக நின்ற விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

1995-இல் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு ராடோமிர் ஆன்டிச் கோச்சாக வந்தார். தடுப்பு ஆட்டக்காரர்களை நடு மைதானம்வரை ஏற்றி நிறுத்துவது அவர் வழக்கம். அப்படி ஏற்றினால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய காலி நிலம் கிடக்கும். அதைக் காக்கிற வேலை மொலினாவுக்கு. விதைத்த வயலைக் காவல் காக்கிறவர் குடிசையிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார், வரப்பில் நடந்துகொண்டே இருப்பார். மொலினாவின் நிற்பும் அப்படித்தான். தன் ஆட்கள் ஏறினால் அவரும் ஏறுவார், இறங்கினால் இறங்குவார். நீளமாக வரும் பந்தை எதிராளி எட்டுவதற்கு முன்பே பெட்டியைத் தாண்டி வந்து காலால் வெளியேற்றுவார். பாய்ந்து பிடிக்கிற கோலியைக் கைதட்டிப் பாராட்டுவோம். பாய வேண்டிய தேவையே வராமல் செய்கிற கோலியைக் கவனிக்கத் தனிக்கண் வேண்டும். அந்த சீசனின் 42 லீக் ஆட்டங்களில் அவர் விட்டது 32 கோல்தான். மிகக் குறைவாகக் கோல் விட்ட கோலிக்கான ஸமோரா விருது அவருக்கு. லீக், கோப்பை இரண்டும் அத்லெட்டிகோவுக்கு.

கோப்பையை வென்று இரண்டே வாரத்தில், 1996 ஏப்ரல் 24 அன்று, ஸ்பெயின் நாட்டு அணிக்காக முதல்முறை களம் இறங்கினார். கோலியாக அல்ல! ஓஸ்லோவில் நார்வேயுடன் நட்பு ஆட்டம். கடைசி நிமிடங்களில் ஒருவருக்குக் காயம், மாற்று ஆட்டக்காரர்களோ தீர்ந்துவிட்டார்கள். கோச் கிளெமென்டே பெஞ்சில் மிச்சமிருந்த கோலியை இடது ஓரத்தில் ஓடச் சொல்லி அனுப்பினார். ஒரு கோலி நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் கையுறையே மாட்டவில்லை. கோட்டைவிட்டு இதைவிடத் தூரம் யார் வந்திருக்க முடியும்?

நான்கு வருஷம் கழித்து அதே நார்வே. 2000 யூரோ கோப்பையில் ஸ்பெயினின் முதல் ஆட்டம், ராட்டர்டாம். நார்வேயின் கோலி நீளமாக உயர்த்தி அடித்த பந்து வந்தது. மொலினா வழக்கம்போல் வெளியே வந்தார். நார்வேயின் ஈவர்சன் அவருக்கு முன்பே எம்பித் தலையால் தட்டினார். ஆளில்லாத கோலுக்குள் பந்து விழுந்தது. ஸ்பெயின் 1-0 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்திலிருந்து கோலில் கன்யிசாரெஸ் நின்றார். மொலினா நாட்டுக்கு ஆடியது மொத்தம் 9 ஆட்டம், அதோடு முடிந்தது.

அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பழி அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் புதிதாக எதுவும் இல்லை. ஸமோரா வாங்கித் தந்த அதே ஓட்டம், ஓர் எட்டு பிந்திவிட்டது. பெயர் தந்ததும் பெயரைக் கெடுத்ததும் ஒரே கால்கள்.

அந்த வருஷமே அத்லெட்டிகோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. மொலினா டெபோர்டிவோ லா கொருன்யாவுக்குப் போனார். 2002 அக்டோபரில் அவருக்கு விரைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சை முடித்து மறு வருஷம் கோலுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவருக்கு 2004 ஏப்ரல் 7 காத்திருந்தது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. முதல் ஆட்டத்தில் மிலானிடம் 4-1 என்று உதை வாங்கியிருந்தார்கள், அந்த நான்கும் மொலினாவைத் தாண்டிப் போனவை. ஜெயித்தால் சாந்தியாகோ கோயிலுக்குப் பாதயாத்திரை போவதாகக் கோச் இருரேத்தா வேண்டிக்கொண்டார். (ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் நடந்துபோகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) சொந்த மண்ணில் பாண்டியானி, வலெரோன், லூக்கே என்று இடைவேளைக்குள் மூன்று கோல். மொத்தக் கணக்கு 4-4. வெளியூரில் அடித்த ஒரு கோலின் பலத்தில் டெபோர்டிவோ முன்னால் நிற்கிறது. இந்த இடத்தில்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மிலான் ஒன்றே ஒன்று அடித்தால் எல்லாம் தலைகீழ், எதிரே காக்காவும் ஷெவ்சென்கோவும். 76-ஆவது நிமிடத்தில் ஃபிரான் நான்காவதை அடிக்கும்வரை அந்த மெல்லிய நூலைப் பிடித்து நின்றவர் மொலினா. ஆட்டம் 4-0. இருரேத்தா சொன்னபடி நடந்தார்.

கோச்சாக வில்யாரியலில் சில மாதம், பிறகு ஹாங்காங்கில் கிட்சீ, அதன்பின் 2016-இல் அத்லெட்டிகோ டி கொல்கத்தா. லீக் சுற்றில் 14 ஆட்டத்தில் 8 டிரா. பார்க்கச் சலிப்பான அணி என்று பலரும் சொன்னார்கள். அரையிறுதியில் மும்பையை முதல் ஆட்டத்தில் 3-2 என்று ஜெயித்து, மூன்று நாளில் மறு ஆட்டம். மொலினா ஒன்பது பேரை மாற்றினார்! பதினொன்றில் ஒன்பது. ஒரு கோல் மட்டுமே முன்னிலையில் இருப்பவர் எவரும் தொடத் தயங்குகிற காரியம். அன்று அவர் அணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கியும் 0-0 என்று தாங்கி நின்றார்கள். இறுதிப்போட்டிக்கு இளைப்பாறிய கால்கள் கிடைத்தன. பந்து எங்கே விழும் என்று முன்கூட்டிக் கணித்துக் கோட்டை விடுகிற பழைய கோலியைத்தான் அந்த முடிவில் பார்த்தேன்.

டிசம்பர் 18, கொச்சி, கேரளா பிளாஸ்டர்ஸ். 1-1, பிறகு பெனால்டி. கோச் என்றால் ஓரக்கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், உள்ளே கால் வைக்கக் கூடாது. வாழ்நாளெல்லாம் கோட்டைத் தாண்டி வந்தவருக்கு அது எத்தனை பெரிய தண்டனை! கோலில் தேப்ஜித் மஜும்தார். கேரளாவின் கடைசி அடியை அவர் காலால் தடுத்தார். ஜுவல் ராஜா அடித்து முடித்தார், 4-3. ஒரு கோலி கோச்சின் கோப்பை, இன்னொரு கோலியின் காலில் பட்டு வந்தது.

2024-இல் மறுபடி கொல்கத்தா, இம்முறை மோகன் பகான். 24 லீக் ஆட்டத்தில் விட்டது 16 கோல், 56 புள்ளி, லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டு. ஆனால் தடுத்தே காலம் தள்ளிய அணி இல்லை இது. கேப்டன் சுபாசிஷ் போஸ் தடுப்பு ஆட்டக்காரர், அவரே 6 கோல் அடித்தார். பின்வரிசை முன்னேறிப் போவதை அந்தக் கோச் எதற்குத் தடுக்கப் போகிறார்!

2025 ஏப்ரல் 12, கோப்பைக்கான இறுதிப்போட்டி. எதிரே பெங்களூரு. டீக்கடை பெஞ்சில் என் போனைச் சுற்றி நாலு பையன்கள். மோகன் பகான் முதலில் சேம்சைடு கோல் வாங்கியது, கம்மிங்ஸ் பெனால்டியில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் மக்லாரன். 2-1. பையன்கள் மக்லாரனைக் கொண்டாடினார்கள். நான் சின்னவனிடம் ஓஸ்லோ கதையையும் ராட்டர்டாம் கதையையும் சேர்த்தே சொன்னேன். "அதுக்கப்புறம் அவரு வெளிய வரலயா மாமா?" என்று கேட்டான். "வந்தாருடா" என்றேன்.

மறுநாள் சாயங்காலம், யாரும் கத்தாமலே அவன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். பந்து தலைக்கு மேலே போய்விட்டது. ஓடிப்போய் எடுத்து வந்து, கல்லின் மேல் நழுவிக் கிடந்த சட்டையைச் சரிசெய்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றான்.