தாங்குதிறன் என்னும் சொல்

இலக்கியத் திறனாய்வாளன் கதையையும் கவிதையையும் மட்டுமே எடைபோட வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. மக்களின் உணவையும் நீரையும் தீர்மானிக்கும் அரசாங்கத் திட்டமும் மொழியால் ஆனதே. அதிற் பயிலும் சொற்களுக்குப் பொருள் உண்டா, அப்பொருள் யாருக்குப் பயன்படுகின்றது என வினவுதல் தமிழ் கற்பிப்போரின் கடமைகளுள் ஒன்றென நாம் கருதுகின்றோம். இலங்கையின் காலநிலை மாற்றத்துக்கான தேசிய இசைவாக்கத் திட்டம் 2016 தொடக்கம் 2025 வரையான காலத்துக்கு வகுக்கப்பட்டது. அதனையொத்த ஆவணங்களிலும் அவற்றையொட்டிய கருத்தரங்குகளிலும் ‘நிலைபேறு’, ‘தாங்குதிறன்’ என்னும் இரு சொற்கள் ஓயாது ஒலிக்கின்றன. அவ்விரு சொற்களையும் யாழ்ப்பாணத் தீவகத்து மண்ணில் நிறுத்திப் பார்ப்போம்.

ஊர்காவற்றுறை அடங்கிய வேலணைத்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய இவற்றுள் எதிலும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுமைக்குமான முதல். அம்மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலே ஓரடியை இறைத்துத் தீர்ப்பவன் கீழே நாற்பதடியை இழக்கின்றான். ஒருவன் தன் தோட்டத்தில் அளவின்றி இறைத்தால் அயலவன் கிணறும் உவராகும். தீவகத்திலே தனியொருவனின் கிணறு என்று ஒன்று உண்மையில் இல்லை.

இவ்வுண்மையை நம் முன்னோர் ஏட்டிற் படித்தறிந்தாரல்லர், தொழிலால் அறிந்தனர். மழைநீரைத் தேக்கக் குளமும் கேணியும் வெட்டினர். வயலை மழையை நம்பி விதைத்தனர். பூவரசிலும் கிளுவையிலும் வேலி வளர்த்தனர். அவ்வேலி காற்றைத் தடுத்தது, ஆட்டுக்குத் தீனியாயிற்று, வெட்டிய குழை மண்ணிலே தாழ்க்கப்பட்டு எருவாயிற்று. அறுவடை முடிந்த நிலத்தில் மாட்டுப்பட்டி அடைத்தனர். நெல் பொய்த்த ஆண்டிலும் பனை பொய்க்கவில்லை. ஒடியலும் பினாட்டும் பஞ்சத்தைக் கடத்தின. இன்று ‘வேளாண் காடாக்கம்’ என்று புதிதாகப் பெயரிட்டு அழைக்கப்படுவதன் பெரும்பகுதி இங்கே நெடுங்காலமாக நடைபெற்று வந்ததேயாம்.

ஆயினும் பழமையைப் பொன்னாக்கிப் பாடுவது நமக்கு உடன்பாடன்று. அந்த நன்னீர் எல்லார்க்கும் கிடைத்ததா? 1971 இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காகப் போராடிய எழுத்தாளர் மு. தளையசிங்கம் பொலிசாரால் தாக்கப்பட்டார்; 1973 இல் மறைந்தார். அவருடைய இலக்கியக் கொள்கையோடு முற்போக்காளர் முரண்பட்டதுண்டு. எனினும் தீவகத்தில் நீர் என்பது சமூகப் பிரச்சினை என்பதை அவரைப்போல் செயலாற் காட்டிய எழுத்தாளர் அரியர். சாதியின் பெயரால் கிணற்றடியிலே தடுத்து நிறுத்தப்பட்டவனிடம் ‘தாங்குதிறன்’ குறித்து உபதேசிப்பது எவ்வளவு கொடிது! அவன் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கியே வந்திருக்கின்றான்.

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகள் தீவக மக்களைப் பெருந்தொகையாகப் பெயர்த்தன. வெறிச்சோடிய தம்மூரைச் சு. வில்வரத்தினம் கவிதையிற் பாடினார். பின்னர் ஒரு பகுதியினரே திரும்பினர். காணிக்காரர் பலர் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். அவர்தம் காணிகளில் பற்றை மண்டுகின்றது, அல்லது காணியற்ற ஒருவர் வாய்ச்சொல்லை நம்பிப் பயிரிடுகின்றார்.

எம்மிடம் பயின்ற மாணவனொருவனின் தந்தையார் அவ்வாறு ஏழு பரப்பு வயல் விதைப்பவர். மழை பிந்திப் பயிர் கருகிய ஓராண்டு, நிவாரணம் கேட்டு அலுவலகமொன்றுக்குச் சென்றார். காணி உறுதி எங்கே என்று கேட்டனர். உறுதியோ காணிக்காரரின் பெட்டியில், கடல் கடந்து கிடந்தது. “உழுததுக்குச் சாட்சி நிலம்தான் சேர், அது வந்து கையெழுத்து வைக்காதே” என்று அவர் எம்மிடம் சொன்னார். அவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பதிவில் இல்லாதவருக்கு எந்த ஆதரவும் போய்ச் சேர்வதில்லை.

1958 இல் பிலிப் குணவர்தனா கொணர்ந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்கு உழுபவனின் உரிமையைச் சட்டமொழிக்குள் கொண்டுவந்தது. அது பெரும் முன்னேற்றமே. ஆனால் பெயருக்கேற்ப அது நெற்காணியோடு நின்றது. இன்றும் நெல்லுக்கு ஓர் அலுவலகம், 1978 இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபை பனைக்கு, கால்நடைக்கு வேறொரு திணைக்களம் என்ற பிரிவினையே நிலவுகின்றது. கமக்காரரின் வளவிலோ இவை யாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மாடில்லாவிடில் எருவில்லை, வேலியில்லாவிடில் குழையில்லை, குளம் தூர்ந்தால் கிணறு உவர்க்கும்.

நல்ல சொல் மேலிருந்து ஆணையாக இறங்கும்போது நேர்வது யாது என்பதை 2021 ஆம் ஆண்டு காட்டிற்று. பத்தாண்டுகளிற் படிப்படியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்பது 2019 ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குறுதி. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நோக்கம் முற்றிலும் பிழையென்று கூறமாட்டோம். உரம் மிகுந்த வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாகச் சுட்டி வருகின்றனர். எருவும் அவகாசமும் கொடாது, உழுபவனைக் கலந்து பேசாது, இழப்பை மட்டும் அவன் தலையிற் சுமத்தியதே குற்றம். ‘நிலைபேறு’ என்னும் சொல்லே அதனாற் பழுதுபட்டது.

மாற்று வழி உலகில் இல்லாமலில்லை. ஆபிரிக்காவின் வறண்ட நாடாகிய நைஜரில் மரங்கள் அரசுக்குரியவை என்றிருந்த காலத்தில், கமக்காரர் தம் வயலில் முளைத்த கன்றுகளைப் பேணவில்லை. மரம் தமதே என்ற நம்பிக்கை பிறந்தபின், 1980களின் நடுப்பகுதியிலிருந்து, பழைய அடிக்கட்டைகளின் தளிர்களைக் காத்து ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேயரில் மரம் வளர்த்தனர். ‘மரம் நடுக’ என்ற சுலோகத்தைவிட மரத்தின்மீது கிடைத்த உரிமையே அங்கு வலியதாயிற்று.

தீவகத்துக்கு வேண்டுவனவும் இத்தகையனவே. உறுதி இல்லாவிடினும் ஊரவர் சாட்சியோடு பயிரிடுபவரைப் பதிவுசெய்து, நிவாரணமும் காப்புறுதியும் அவர் கைக்கே வரச் செய்தல் வேண்டும். நெற்பரப்பை மட்டும் அளக்காது குளம் தூர்வாரல், உயிர்வேலி, பனங்கூடல், மாட்டுப்பட்டி அனைத்தையும் உள்ளடக்கிய வளவுக்கு ஆதரவு தருதல் வேண்டும். நிலத்தடி நீரை ஊர் முழுதுக்கும் பொதுவெனக் கொண்டு, இறைக்கும் அளவைச் சாதிபேதமற்ற ஊரவை நிர்ணயித்தல் வேண்டும்.

எழுத்தாளர்க்கும் இங்கே பணியுண்டு. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கடலில் உழைப்போரை நாவலில் நிறுத்தியது. பிறர் காணியில் மழையை எண்ணி விதைக்கும் மனிதரையும், பனையேறும் தொழிலாளியையும், உவர்க் கிணற்றடியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணையும் அவ்வாறே எழுத இளைஞர் முன்வருதல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் முதலில் தம்மூர்க் குளங்களை எண்ணிப் பார்க்கட்டும். எத்தனை தூர்ந்தன, அவற்றைச் சுற்றி உழுபவர் யார், உறுதி வைத்திருப்பவர் யார் என்று கேட்டு எழுதி வரட்டும். இத்தகைய ஒரு பட்டியல் எந்த அறிக்கையினும் பயனுள்ள தொடக்கமாகும்.