அழுவது யார்? – பிக்காசோவின் ஓர் ஓவியம்

நவீன ஓவியம் என்றதும் நம்மவர்கள் பலர் சொல்வது இதுதான்: "என்னங்க இது, கண்ணு ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம்! எங்க வீட்டுக் குழந்தை இதைவிட நல்லா வரையுமே!" பிக்காசோவின் 'அழும் பெண்' ஓவியத்தை முதன்முதலாக அச்சில் பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1937 அக்டோபரில் தீட்டப்பட்ட இவ்வோவியம் லண்டன் டேட் கலைக்கூடத்துக்கு உரியது. உயரம் சுமார் 61 செ.மீ., அகலம் 50 செ.மீ.தான். சிவப்புத் தொப்பி, அதில் ஒரு நீலப் பூ, படிய வாரிய கூந்தல். எங்கோ கிளம்பியவள் போலத்தான் இருக்கிறாள். முகமோ பச்சையும் மஞ்சளுமாய்ச் சில்லுச் சில்லாக உடைந்திருக்கிறது. வாயைச் சுற்றி மட்டும் நிறம் வடிந்து, வெளிறிய நீலமும் வெள்ளையும். அங்கே விரல் எது, பல் எது, கைக்குட்டை எது என்று பிரித்தறிய முடியவில்லை.

இழவு வீட்டில் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு விம்மலை அடக்கும் பெண்ணைக் கண்டவர்களுக்கு இது புரியாமல் போகாது. அந்த நேரத்தில் முகம் முகமாகவா இருக்கிறது? ஓவியர் கிறுக்கவில்லை, கண்டதைத்தான் வரைந்திருக்கிறார்.

சரி, இவள் ஏன் அழுகிறாள்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்கள் கூறுகிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. திறனாய்வாளர்கள் பெரும்பாலும் காண்பது இழவை. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா நகர்மீது விமானங்கள் குண்டு பொழிந்தன. அக்கொடுமையைப் பெரிய ஓவியமாகத் தீட்டிய பிக்காசோ, அதில் வரும் அழும் பெண்களை விட்டுவிட முடியாமல் மாதக்கணக்கில் வரைந்துகொண்டே இருந்தார். அவ்வரிசையில் வந்தது இது. ஆகவே இவள் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்பார்கள். நியாயமான விளக்கம்தான்.

ஆனால் இந்த முகத்துக்கு மூலமானவர் டோரா மார். பிக்காசோவின் காதலி, தாமே பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர். குவெர்னிகா ஓவியம் வளர்ந்த ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்தவர் அவர்தான். அதே நாட்களில் பிக்காசோவுக்கு மேரி தெரேஸ் என்ற இன்னொரு துணையும், அவர் வழி ஒரு மகளும் உண்டு. அதனால் இவ்வழுகையில் எனக்கு இழவோடு இளிவும் தெரிகிறது. இகழப்பட்டவளின் கண்ணீரும் இதில் கலந்திருக்கிறது என்பது என் கருத்து.

டோராவோ, பிக்காசோ தம்மை வரைந்த படங்கள் எல்லாமே பொய், அவற்றில் இருப்பது பிக்காசோதான், தாம் அல்ல என்று பிற்காலத்தில் சொல்லிவிட்டார். அதை நான் ஏற்கிறேன். அழுகையைப் பொறுத்தவரை இவ்வோவியம் மெய். டோராவைப் பொறுத்தவரை அது பாதிகூட இல்லை. கேமராவைப் பிடித்த அந்தக் கை இங்கே கைக்குட்டையைத்தானே பிடித்திருக்கிறது!

"எங்க பாட்டியா? எப்பப் பாத்தாலும் அழுதுகிட்டேதான் இருப்பாங்க" என்று நாமும் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்தப் பாட்டி வேறென்ன செய்தார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே.